மேலறைச் செலவு

முதலாவது, மெத்தை. கம்பனிக் காசில் வாங்கி, காவலாளிக்கு என்று எழுதினார்கள். ஐஸ் ஆலைக்குக் காவலாளியே கிடையாது.

இரண்டாவது, சேலை. தொழிலாளர் சீருடையாம். ஐஸ் உடைக்கிறவன் எல்லாம் சாரத்தோடு நிற்கிறான்.

மூன்றாவது, தலைக்கு வைக்கும் எண்ணெய். இயந்திரத்துக்குப் போட்டதாம்.

நாலாவது, மருந்து.

மண்டூர் வாவிக்கரை ஐஸ் கம்பனியின் பங்காளர் கூட்டத்தில், ஆலையின் மேலறைக்கு நேர் கீழே, கோணாமலை இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். சாதியை ஒழி என்று நோட்டீஸ் அடித்து ஊர் ஊராய்க் கொடுத்த மனிதர். எந்த முதலாளிக்கும் தலை குனியாதவர். முகாமையாளர் நல்லரத்தினத்தை இன்றே விலக்க வேண்டும், மேலறையில் அவர் ஒளித்து வைத்திருக்கும் பெண்ணை இன்றே வெளியேற்ற வேண்டும் என்பது அவருடைய தீர்மானம்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் அவரே மேலே ஏறிப் பார்த்தார். இயந்திரம் நின்றிருந்தது. ஈரப் படியில் சின்னக் கால் தடம். பூட்டிய கதவுக்கு அப்பால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டு, இரண்டு தரம் இருமி, ஒரு தரம் செருமினார்கள்.

அது மகள் கேதீஸ்வரியின் இருமல். சின்னதில் அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு விடிய விடியக் கேட்ட இருமல். அவளுக்குச் சாவுச் சடங்கான எட்டுச் செலவு செய்து, படையல் வைத்து, ஊருக்கே சோறு போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. எட்டுச் செலவு கொடுத்த பிறகு ஒருத்தி இருமக் கூடாது. அதனால் இது வேறு எவளோ.

வாசலில் கிடந்த மருந்துப் பையைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதில் மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்த பெயரைப் பார்க்கக் கண்ணாடியை அவர் தேடவில்லை.

இப்போது அதைக் கிளாக்கர் விதுர்ஷாவிடம் நீட்டினார்.

"பேரை எல்லாரும் கேக்க வாசி புள்ள."

அவள் பார்த்தாள். "வேணாம் ஐயா."

நல்லரத்தினம் எழுந்தார். கணக்குக் கள்ளம்தான், சம்பளத்தில் வெட்டுங்கள், வேலையை விட்டும் போகிறேன், பெயரை மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

"வப்பாட்டிர பேரைச் சொல்ல வெக்கமாக்கும்," என்றார் கோணாமலை. யாரோ சிரித்தார்கள். "சாட்சிக்கு இவ்வளவு பேர் இரிக்காங்க. வாசி."

"சாட்சியா?" நல்லரத்தினம் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க எல்லாரும் அவள்ர எட்டுச் செலவுச் சோத்தத் திண்டவங்க, கோணாமலை. நானும் திண்டன். உயிரோட இருந்த புள்ளைக்கு. உன்ர நோட்டீச நம்பிச் சாதி மாறிக் கட்டினதுதான் அவள் செஞ்ச குத்தம். கட்டினவன் வாவில மூழ்கிப் போன பிறகு, அவளுக்குப் போக வீடில்ல."

சிரிப்பு நின்றது. மேலே, பலகைத் தட்டுக்கு அப்பால், இரண்டு இருமல். ஒரு செருமல்.

கோணாமலையின் கை பையைத் திரும்பப் பறிக்க நீண்டது. அதற்குள் விதுர்ஷா வாசித்துவிட்டாள்.

"கோணாமலை கேதீஸ்வரி."