சரிங்கக்காவின் விசில்

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா. நான் யாருன்னா..."

விசில் சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மறுபடியும் காருக்குள் போய் உட்கார்ந்தார். சரிங்கக்கா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, 'நில்' என்று எழுதிய பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது கூடப் படித்தவர்கள். யார் என்ன கேட்டாலும் 'சரிங்க' என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வராது. அப்படிப்பட்டவள், பல்கலைக்கழகத்தின் மலைச்சாலை ஆராய்ச்சி மையத்தில், வேலை நடக்கும் சாலையில் வண்டிகளை மறிக்கும் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். உருப்பட்ட மாதிரிதான். முதல் பரீட்சையில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாக ஒருவர் சொன்னார். விட்டுவிட்டாள். அடுத்த பரீட்சையில் ஓர் அம்மாள் விம்மி விம்மி அழுதாள். இவளும் கூடவே அழுதபடி வழிவிட்டாள். இரண்டு பேருமே ஆள் தெரியாமல் வந்த பரீட்சை அதிகாரிகள்.

பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மலைச்சாலையில் நடக்கும் விபத்துகளுக்குப் பனியோ பள்ளமோ வளைவோ காரணமில்லை என்பது அவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்து கண்ட முடிவு. வண்டிக்காரர் ஒரு காரணம் சொல்வார், மறிக்கிறவர் மனசு இளகும், வண்டி உள்ளே போகும், மேலேயிருந்து கல் விழும். இவ்வளவுதான் விஷயம். ஆகவே அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார்.

"யாராவது காரணம் சொல்ல வாயைத் திறந்தா உடனே விசில் ஊதிடுங்கம்மா. காதுல விழுந்தாத்தானே மனசுல விழும்? இதுதான் உங்களுக்குக் கடைசி வாய்ப்பு."

தேறினால் சாலைத் துறையில் நிரந்தர வேலை. தவறினால், பழையபடி நாத்தனாரின் துணிக்கடையில் நின்று காலையிலிருந்து ராத்திரி வரை 'சரிங்க' சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று காலை மேல் வளைவில் நிஜமாகவே ஒரு பாறை உருண்டு வந்து சாலையின் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பரீட்சைக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? பாறைக்குப் பக்கத்தில் வாக்கி-டாக்கியோடு அவர் நின்றுகொண்டார். கீழ் வளைவில் சரிங்கக்காவை நிறுத்தினார். பாறையைத் தள்ளிச் சாலை திறந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதாகவும், அதுவரை ஈ காக்காய்கூட மேலே வரக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

முதலில் வந்து நின்றவர்தான் இந்த வெள்ளைச் சட்டைக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, மூக்குக் கண்ணாடி, தன்னந்தனியாக ஓட்டி வந்த கார். பரீட்சை அதிகாரி என்று நெற்றியில் எழுதி ஒட்டாததுதான் பாக்கி. இந்த முறை ஏமாறுவதாக இல்லை அவள்.

மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. கெஞ்சினார். விசில். அதட்டினார். விசில். நடந்தாவது போகிறேன் என்று இறங்கினார். கல் உருளும் இடத்தில் நடக்கவிடலாமா? பலகையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு விசில் ஊதினாள். ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி நீட்டினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஊதினாள். பின்னால் வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் அவருக்காகப் பரிந்து பேச வந்தார். ஊதிய ஊதலில் அவர் வந்த வழியே பஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"யாரையும் விடலையே?"

"ஒரு ஈ கூடப் போகலைங்க சார்."

பேராசிரியருக்குப் பரம திருப்தி. ஆனால் மேலே பாறை மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறதாம். சாலைத் துறைக்காரர்களுக்கு நேரங்காலம் என்பதே கிடையாது என்று வெகுநேரம் புலம்பினார். இதைக் காருக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அழுது காட்டியவர்களைப் பார்த்திருக்கிறாள், சிரித்துக் காட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறாள். 'உங்க பருப்பு என்கிட்ட வேகாது சார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபோது மறுபடி பேராசிரியரின் குரல் வந்தது.

"பிரமாதம்மா. என் முறை ஜெயிச்சிருச்சு, நீங்களும் ஜெயிச்சிட்டீங்க. ஆனா இன்னைக்கு ரோடு திறக்காது போலிருக்கு. திறந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். இருக்கிறவங்களைத் திருப்பி அனுப்பிடுங்க."

சரிங்கக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வாழ்க்கையில் ஜெயித்தாள் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் பழைய இளகின மனசும் எட்டிப் பார்த்தது. பாவம், வயசில் பெரியவர், ஒரு வார்த்தை பேசவிடாமல் நாள் பூராவும் உட்கார வைத்துவிட்டோமே என்று நெஞ்சு உறுத்த, பலகையைத் தாழ்த்திக்கொண்டு காரருகே போனாள்.

"பரீட்சை முடிஞ்சிருச்சு சார். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இப்ப நீங்க எந்தக் காரணம் வேணும்னாலும் சொல்லலாம், நான் கேக்கறேன்."

அவர் முதலில் அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"லீவுல இருந்தவனை அவசரம்னு கூப்பிட்டாங்கம்மா. அந்தப் பாறையைத் தள்ற மெஷினை ஓட்டுறவன் நான்தான்."

"சரிங்க," என்றாள் அவள்.