பெயர் போட்ட புகை

மெக்கானிக் ரபீக் நியாயமான ஆள். தணிகைவேலின் பைக்கிலிருந்து, புகையை வடிகட்டும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் முன் சாதகம், பாதகம் இரண்டையும் சொல்லிவிட்டார்.

"பிக்கப் ஏறும் சார், சத்தம் கம்பீரமா வரும். ஆனா வடிகட்டாத புகையில துகளுக்குத் துகள் உங்க பேரு இருக்கும். புதுச் சட்டம், வண்டியே ஓனர் பேரை அச்சடிச்சிடும்."

"புகையில எவன் பேரு படிக்கப் போறான்? கழட்டுங்க பாய்."

பிக்கப் ஏறியது. தினமும் வாசலில் நின்று டாட்டா காட்டும் ஆறு வயது மகள் பூவிழிக்காக, தணிகைவேல் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை கூடுதலாக முறுக்கிவிட்டே கிளம்புவார்.

ஏழாவது மாதம் அவள் இருமலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நுரையீரலைத் திரையில் படித்தார்.

"லாரிக்காரங்க பேரு ரெண்டு மூணுதான். மீதி பூரா தணிகைவேல். யாருங்க அது?"

தணிகைவேல் மின்விசிறியைப் பார்த்தார்.

"என் இனிஷியல், டாக்டர்" என்றாள் பூவிழி, இருமி முடித்துவிட்டு.