பேரு வராது

விழிதியூரில் பண்ணையாள் தங்கப்பனை வெட்டியது யாரென்று பார்த்தவள், அவனோடு வேலை செய்த குஞ்சம்மா ஒருத்திதான்.

"பேப்பர்ல எம்பேரு வந்தா பண்ணையாரோட ஆளுங்க என்னை உயிரோட விடமாட்டாங்க" என்றாள்.

"வராது. அது எம்பொறுப்பு" என்றார் நிருபர் சுவாமிநாதன். அன்றைக்கே செய்தியைக் கவரில் போட்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றினார். முதல் பக்கத்தில் வந்தது. காரைக்காலே அதைத்தான் பேசியது.

நாலாம் நாள் குஞ்சம்மா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பார்த்தியாம்மா? சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன். உன் பேரே வரல."

"வரலீங்க. லோகாம்பாள்னு போட்டிருந்தீங்களாம்."

"அது சும்மா வாயில வந்த பேரு."

"எங்க தெருவுல ஒரு லோகாம்பாள் இருந்தாளுங்க. காலையில வாய்க்கால்ல பொணமா கெடந்தா" என்றாள் குஞ்சம்மா. "அவ எதையும் பார்க்கலீங்க."