மாட்டுக்குச் சொன்னது

வாளி நிறையக் கறந்த பாலை அவள் குழியில் ஊற்றினாள்.

மண் உடனே குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் வெள்ளையாய்த் தேங்கி நின்றது. பிறகுதான் இறங்கியது.

கொட்டகையின் மறுகோடியில் கட்டியிருந்த கன்று கத்தியது. செவலை மாடு திரும்பிக் கயிற்றை இழுத்தது.

அவள் இரண்டையும் பார்க்காமல் வாளியைக் கழுவப் போனாள்.

ஏரிக்கரை கம்பெனியின் கழிவு ஊர்க் கிணறுகளில் கலந்திருக்கிறதென்று மாட்டு டாக்டர் வந்து சோதனைக்குப் பால் எடுத்துப் போயிருந்தார். முடிவு தெரிந்ததும் அவரே வந்து சொன்னார். பாலில் ஒரு ரசாயனம் இருக்கிறது. காய்ச்சினால் போகாது. காலம் போனாலும் அழியாது. உடம்பிலேயே தங்கிவிடும், பால் வழியாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இனி லாரித் தண்ணீர் மட்டும் காட்டுங்கள். வேளை தவறாமல் கறந்து கொட்டுங்கள். கன்றை ஊட்ட விடாதீர்கள், புட்டியில் மாவுப்பால் கொடுங்கள்.

அவள் புருஷன் ஏகாம்பரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. செவலை குடித்த கிணற்றுத் தண்ணீரைத்தான் அவளும் குடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து.

இடுப்பில் குழந்தை. இப்போதுதான் தலை நின்றிருந்தது. பசியில் அம்மாவின் ரவிக்கையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

கேட்கவில்லை. டாக்டர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டவுனுக்குப் போய்க் குழந்தைக்கு மாவுப்பாலும் புட்டியும் வாங்கிவரச் சொன்னாள்.

"ஏன் ரேணு?" என்றான் ஏகாம்பரம்.

பால் பத்தவில்லை என்றாள்.

முந்தானையை இழுத்து, நனைந்திருந்த ரவிக்கையை மூடிக்கொண்டாள்.

குழந்தை புட்டியைத் துப்பினாள். தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

ரேணு அவளை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். வலி பொறுக்காமல் சாம்பல் மேட்டில் பீய்ச்சி விட்டாள்.

வீட்டுக்குள் குழந்தை அழுதாள். கொட்டகையில் கன்று அழைத்தது.

எந்தக் குரலுக்குச் சுரக்கிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

கன்று புட்டிக்குப் பழகியது.

குழந்தையும் பழகினாள். புட்டியைக் கண்டதும் கை காலை உதறிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் ரேணுவால் தாங்க முடியவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில், தாய்ப்பால்தானே கொடுக்கிறாய் என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். ரேணு அழுதுவிட்டாள். கிணறு, மாடு, புட்டி, சாம்பல் மேடு எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"உன்னை நிறுத்தச் சொன்னது யாரும்மா?"

"யாரும் சொல்லல. மாட்டு டாக்டரு மாட்டுக்குத்தான் சொன்னாரு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உன் உடம்பிலும் கொஞ்சம் இருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார். ஆனாலும் உன் பாலில் இருக்கிற நல்லது எந்த டப்பாவிலும் கிடையாது. கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே. பாலை நிறுத்தாதே.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டாள்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி அணைத்தாள். குழந்தை முதுகை வளைத்து, முஷ்டியால் அவள் மார்பைத் தள்ளி அழுதாள்.

ஏகாம்பரம் மாவுப்பால் கலக்கிக் கொண்டுவந்தான்.

அவள்தான் வாங்கி ஊட்டினாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

பால் வற்றிக்கொண்டு வந்தது. பீய்ச்சினால் சொட்டுதான்.

ஒரு மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் அவள் வாய் அசைந்தது. உதடுகள் குவிந்து, வெறும் காற்றைச் சப்பின.

ரேணு சத்தமில்லாமல் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.