பிளக்கின் நிறம்

“ஏம்பா குண்டூசி, இன்ஜினை முறுக்குறியா, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குறியா?”

வாசலில் தொப்பையைத் தாங்கிக்கொண்டு நின்றான் பீப்பாய். பக்கத்துப் பட்டறைக்காரன். நாளைய பந்தயத்தில் அவன் தயார் செய்த பைக்கும் ஓடுகிறது.

குண்டூசி ஆக்ஸிலரேட்டரை விடவில்லை. நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இன்ஜின், புது சைலன்சர் மாட்டியதும் பதினோராயிரம் வரை பிசிறில்லாமல் ஏறுகிறது. அந்தச் சத்தத்தின் பெருமிதத்தில் அவன் வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“வயித்தெரிச்சல்” என்றாள் தங்கை, ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தபடி. நாளை ஓட்டப்போவது அவள்தான்.

“எனக்கென்னம்மா எரிச்சல்? ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா உங்கண்ணன் லட்சணம் தெரிஞ்சுடும். அதான் கழட்ட மாட்டேங்கிறான்.”

குண்டூசி இன்ஜினை அணைத்தான். “கழட்டினா?”

“நல்ல காப்பி நிறத்துல இருந்துச்சுன்னா உன் வண்டியை நானே கழுவுறேன். எல்லாரும் பாக்க. வெளுத்திருந்தா நீ என் வண்டியைக் கழுவு.”

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

“கழட்டுப்பா. இந்தத் தொப்பை குனியுதான்னு பாத்துடுவோம்” என்றார் டயர்க்காரர்.

குண்டூசி ரோஷத்தோடு ஸ்பானரைத் திருகினான்.

பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நுனியில் மினுமினுவென்று அலுமினியப் பொடி.

புது சைலன்சரால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. முழு வேகத்தில் அது சிலிண்டருக்குள் இறுகினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். மேலே தங்கை.

பீப்பாய் கூரை அதிரச் சிரித்தான். “வாளியோட வந்துடு!” பிளக்கைப் பார்க்கக் குனிந்தபோது சீட்டின் மேல் வைத்த தன் எண்ணெய்த் துணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். கூட்டமும் சிரித்துக்கொண்டே கலைந்தது.

“சீ, என்ன மனுஷன்! வந்து காதோட சொல்லக் கூடாதா?” என்றாள் தங்கை.

“காதோட சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?”

சொன்ன பிறகுதான் குண்டூசிக்கே அது உறைத்தது.

இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தான். பிஸ்டன் மயிரிழையில் தப்பியிருந்தது. இனி கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் வேண்டும். அந்தப் பித்தளைத் துண்டின் துளை பெரிதானால்தான் பெட்ரோல் கூடும். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான், இல்லை. கடைகளும் இன்று விடுமுறை.

கையைத் துடைக்க அந்த எண்ணெய்த் துணியை எடுத்தான். உள்ளே ஏதோ உறுத்தியது. பிரித்தான். புத்தம்புது ஜெட். வேண்டிய அதே அளவு.

“நம்மகிட்ட இது இருந்துச்சாண்ணா?”

குண்டூசி பக்கத்துப் பட்டறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கார்புரேட்டர் பக்கம் குனிந்துகொண்டான்.

மறுநாள் தங்கை முந்தினாள், ஒரு சக்கர நீளத்தில்.

“குருட்டு அதிர்ஷ்டம்! சுத்தக் குருட்டு அதிர்ஷ்டம்!” மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினான் பீப்பாய்.

எல்லோரும் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குண்டூசி ஒரு வாளித் தண்ணீரோடு எதிர்ப்பக்கம் நடந்து, இரண்டாவதாக வந்த பீப்பாயின் வண்டியின் சேற்றைக் கழுவ ஆரம்பித்தான்.