கினிப்பன்றிக்கு உடம்பு சரியில்லை

புழுக்கையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான் அமிர்தநாதன். நேற்றையதைவிடச் சிறுத்து, காய்ந்த மிளகு மாதிரி இருந்தது. கூண்டு மூலையில் போட்ட புல் போட்டபடி கிடந்தது. கிண்ணத்துத் தண்ணீரும் குறையவில்லை.

"திங்கவே இல்லியே, மொய்து அண்ணே."

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் பிராணிகளைப் பார்த்துக்கொள்கிற மொய்து, அந்தக் கறுப்புக் கினிப்பன்றியைத் தூக்கித் தராசில் வைத்தார். இன்றைக்கும் இளைத்துத்தான் இருந்தது.

பெண்கள் வார்டில் இதைப் பற்றி ஒரே பேச்சு. பெண்டாட்டி இருதயம்மாள் கட்டிலில் மூச்சுக்குத் திணறுகிறாள், புருஷன்காரன் பின்கட்டில் ஒரு பிராணிக்குப் புல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவள் இருதயம்மாள். விலாவில் நீர் கோத்து, எலும்பும் தோலுமாக இங்கே வந்து சேர்ந்தாள். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். என்ன நோய் என்று பிடிபடவில்லை. கடைசியில் டாக்டர் சுப்பராமன் விலாவிலிருந்து எடுத்த நீரை இந்தக் கினிப்பன்றிக்கு ஊசியில் ஏற்றினார். இதற்கு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் அவளுக்கு என்ன என்று சொல்ல முடியும் என்றார். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை.

அமிர்தநாதனுக்கு அது போதுமாக இருந்தது. இது பிழைத்தால் அவள் பிழைப்பாள்.

மொய்துவைக் கேட்டுக் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டான். புழுக்கை ஒரே சீராக, திரட்சியாக விழ வேண்டும். நீர்த்தாலும் ஆபத்து, சிறுத்தாலும் ஆபத்து. தண்ணீர் இறங்காவிட்டால் குடல் நின்றுபோகும். அவன் வேலியோரம் இளம்புல்லாகப் பார்த்துக் கிள்ளி வந்தான். சந்தையில் நெல்லிக்காய் வாங்கிச் சீவிப் போட்டான். அதையும் தொடாதபோது சாறு பிழிந்து, மை ஊற்றும் சின்னக் குழாயால் வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டான். பாதி வழிந்து அவன் விரலை நனைத்தது.

ஒரு நாள் டாக்டர் வந்து எடையைக் கேட்டார். குறைந்துகொண்டே வருகிறது என்றார் மொய்து. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தபடி போனார். அமிர்தநாதன் அவர் முதுகை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி சாற்றைப் பிழிய உட்கார்ந்தான்.

எப்படியோ இருதயம்மாளின் காதுக்கும் விஷயம் போய்விட்டது. கஞ்சி ஊட்டும்போது கேட்டாள்.

"அது எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நல்லாத் திங்குது."

"அப்ப நானும் பொழச்சிருவேன், இல்லியா?"

அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனான்.

மறுநாள் காலையில் கூண்டுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. கினிப்பன்றி ஒருக்களித்து விறைத்துக் கிடந்தது. மொய்து அவன் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அமிர்தநாதன் வாசலிலேயே குந்திவிட்டான். வார்டுக்குப் போக வேண்டும், போனால் அவள் கேட்பாள்.

டாக்டர் சுப்பராமன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அமிர்தநாதன் எழுந்து கும்பிட்டான்.

"என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்யா. சாறுகூடப் பிழிஞ்சு ஊட்டி விட்டேன். காப்பாத்த முடியல."

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவன் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதை அறுத்துப் பார்த்தாச்சு, அவ நீர்லேருந்து அதுக்கும் காசம் தொத்தியிருக்கு. அவளுக்குக் காசம்தான், சந்தேகமே இல்லை. அதுக்கு மருந்து இருக்கு, இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சுடறேன். புத்துநோயா இருந்துடுமோன்னுதான் இத்தனை நாளும் எனக்குக் கவலை. அதுக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

"ஆனா அது செத்துப்போச்சேய்யா..."

"அது பொழைச்சிருந்தாத்தான் நாம பயந்திருக்கணும்."