கடைசி இலக்கம்

சலைன் ஸ்டாண்டால மூணாவது அடி விழுந்தப்போ சபரியோட முன்பல்லு ரெண்டும் கீபோர்டு மேல தெறிச்சுது. "என் தம்பிக்கு எவன் ரத்தத்தடா ஏத்துனீங்க?"ன்னு அந்தோணி அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு திரும்ப ஓங்கினான். தம்பி செத்து ஒரு மணி நேரம்கூட ஆகல. "அண்ணே, வந்த நம்பரத்தான்ணே திரையில காட்டினேன்!"னு சபரி கதறினான்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளி விவரத் திரைய ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினவன் சபரி. அந்தத் திரைக்குப் பின்னாடி சர்வர்லருந்து ஜாவாவுல விவரத்த அனுப்புறது இம்தியாஸோட வேலை. அவன் வார்டு மூலையில, ஒரு கட்டிலுக்குப் பக்கத்துல ஒடுங்கி நின்னான். பதினாறு இலக்க நோயாளி நம்பர எண்ணாவே அனுப்பினா, ஜாவாஸ்கிரிப்ட் அவ்ளோ பெரிய எண்ணத் தாங்காது; திரைக்குப் போறப்போ சில சமயம் கடைசி இலக்கம் மாறி வேற ஆளோட விவரம் வந்துடும். "எழுத்தா மாத்தி அனுப்புடா மச்சான்"னு சபரி போன வாரமே சொன்னான். "பத்து நிமிஷ வேலைடா, அப்புறம் பாக்கலாம்"னுட்டான் இம்தியாஸ். அடி வாங்குறப்பகூட சபரி இவன் பக்கம் திரும்பல. வாய தொறக்கலேன்னா தப்பிச்சுடலாம்னு இம்தியாஸ் நெனச்சான்.

அந்தக் கட்டில் பொண்ணுக்கு நர்ஸ் ரத்தப் பைய மாட்ட வந்தாங்க. பொண்ணோட கைப்பட்டையில கடைசி இலக்கம் மூணு. பையில நாலு.

"சிஸ்டர், மாட்டாதீங்க! நம்பர் தப்பு! என் தப்பு!"னு இம்தியாஸ் கத்தினான்.

அந்தோணி சபரியோட சட்டைய விட்டான். ஸ்டாண்ட விடல.